ஜீப்புக்குள் கட்டில்: உயரத்தில் ஆசை வைக்காதீர்கள்

வண்டிக்குள் படுக்கப் பலகை அடிக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் பார்ப்பது அடியில் எத்தனை சாமான் கொள்ளும் என்பதைத்தான். அடுப்பு, சிலிண்டர், இரண்டு டிராயர், தண்ணி கேன் எல்லாம் அடியில் போக வேண்டுமென்று பலகையை ஒன்றரை அடிக்கு ஏற்றிவிடுவார்கள். பகலில் கதவைத் திறந்து காட்ட ஜம்மென்று இருக்கும். ராத்திரி உள்ளே ஏறினால் நிமிர்ந்து உட்கார முடியாது. சட்டை மாற்றுவதும் கொசுவலை மாட்டுவதும் படுத்தபடியே புரண்டுதான். வால்பாறை மாதிரி ஊரில் சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டால் ஆறேழு மணி நேரம் உள்ளேயே அடைந்து கிடக்க வேண்டிவரும். அப்போதுதான் தெரியும், அடியில் கிடைத்த இடமெல்லாம் தலைக்கு மேலிருந்து பிடுங்கியது என்று.

அதனால் அளவை மேலிருந்து எடுங்கள். வீட்டுத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, தலை உச்சி வரை எவ்வளவு என்று பாருங்கள். சராசரி உயரமுள்ள ஆளுக்கு 85 முதல் 90 செ.மீ. வரும். அதோடு மெத்தை அமுங்கிய பிறகு நிற்கும் கனம் 5 செ.மீ., பலகையும் பைப்பும் சேர்ந்து 4 செ.மீ. கூட்டுங்கள். வண்டியின் உள்தரையிலிருந்து கூரைத் துணி வரையுள்ள உயரத்தில் இதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் அடியில் உங்களுக்குக் கிடைக்கும் இடம். நிறைய வண்டிகளில் மிஞ்சுவது ஒரு சாண்கூட இருக்காது. அப்படியானால் கூன் போட்டு உட்காரலாம் என்று கொஞ்சம் விட்டுக்கொடுத்து, அடியில் 25 அல்லது 30 செ.மீ.யோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்கு மேல் போனால் அது கட்டில் இல்லை, பரண்.

நீளம் உங்கள் உயரத்தோடு 10 செ.மீ. முன்சீட்டை எவ்வளவு முன்னால் தள்ளினாலும் ஓட்டுகிறவர் கால் மடக்கி உட்கார முடியுமோ அந்த நிலையில் வைத்து, சீட்டின் முதுகிலிருந்து பின்கதவின் உள்பக்கம் வரை அளந்தால் கிடைப்பதுதான் நிஜ நீளம். பின்கதவை மூடிய நிலையில் அளக்க வேண்டும். கதவின் உள்பக்க பிளாஸ்டிக்கும் கைப்பிடியும் சில வண்டிகளில் நான்கைந்து செ.மீ. உள்ளே புடைத்துக்கொண்டு வரும். அகலத்துக்கு மூன்று இடத்தில் டேப் பிடிக்க வேண்டும்: சக்கர வளைவுகளுக்கு நடுவில், அதற்கு மேலே, பின்கதவின் வாசலில். மூன்றும் மூன்று அளவாக இருக்கும். உள்ளே 110 செ.மீ. கிடைக்கிறதென்று பட்டறையில் சொல்லி பிரேமை வெல்டு வைத்து எடுத்து வந்தால், வாசலில் 102 தான் இருக்கும். உள்ளே போகாது. இந்த வேலையில் அடிக்கடி நடக்கிற கூத்து இதுதான்.

எல்லா வண்டிக்கும் இது ஒத்துவராது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்று கதவு மஹிந்திரா தார் வண்டியில் பின்சீட்டைக் கழற்றாமல் ஆறடி வராது. அதற்குக் கூரைமேல் கூடாரம் போடுவதே மேல். ஜிம்னியில் முன்சீட்டின் தலைசாய்ப்பைக் கழற்றிவிட்டு முழுக்கச் சாய்த்தால் பின்சீட்டோடு சேர்ந்து ஏறக்குறைய சமமாகும். அங்கே மேடு பள்ளத்தை நிரப்பும் பஞ்சு போதும், இரும்பு வேண்டியதில்லை. பொலேரோ, பழைய ஸ்கார்பியோ மாதிரி பின்னால் பக்கவாட்டு சீட் உள்ள வண்டிகளில் அந்த சீட்டுகள் மடிந்து நிற்கும் கனம் அகலத்தில் இரண்டு பக்கமும் குறையும். கழற்றிப் போட்டுவிடலாமே என்று தோன்றும். ஆர்.சி. புத்தகத்தில் சீட் எண்ணிக்கை இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு வண்டியின் அடிப்படை அமைப்பைப் பதிவில் உள்ளதற்கு மாறாக மாற்ற விடாது. ஊருக்குப் போகும்போது ஏற்றி, வந்ததும் இறக்கி வைக்கிற சாமானாகக் கட்டிலைச் செய்தால் இந்தத் தலைவலியே கிடையாது. அதுதான் இந்த வடிவத்தின் அடிப்படையும்: இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் இரண்டு பேர் தூக்கும் எடை, நான்கு போல்ட்டில் கழன்று வர வேண்டும்.

ஒரு கணக்கை வைத்துப் பேசுவோம். மொத்தம் 1850 மி.மீ. நீளம், 1050 அகலம், 300 உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பின்பகுதி 1000 மி.மீ. நிலையாக நிற்கும் பெட்டி. முன்பகுதி 850 மி.மீ. கீல் போட்ட மடிப்புப் பலகை. ஓடும்போது பெட்டிமேல் மடிந்து கிடக்கும், படுக்கும்போது மடித்த பின்சீட்டுக்கு மேலாக விரியும்.

பிரேமுக்கு ஒரு இஞ்ச் ஸ்கொயர் பைப், 16 கேஜ், அதாவது 25×25×1.6 மி.மீ. போதும். மேல் சட்டம் சுற்றிவர 4.1 மீட்டர், அதற்குள் இரண்டு குறுக்குப் பைப் 2 மீட்டர், ஆறு கால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 26 செ.மீ., கால்களை அடியில் இணைக்கும் இரண்டு நீளப் பைப் 2 மீட்டர். மடிப்புப் பலகையின் சட்டத்துக்கு இன்னொரு நாலே முக்கால் மீட்டர். ஆக மொத்தம் பதினான்கரை மீட்டருக்குள் முடியும். பைப் இருபது அடி நீளத்தில்தான் வரும், ஆக மூன்று வாங்க வேண்டும். மீட்டருக்கு 1.2 கிலோ வீதம் இரும்பு மட்டும் 17 கிலோ. "ஒன்றரை இஞ்ச் போடுங்க, அப்பத்தான் அசையாது" என்று பட்டறையில் சொல்வார்கள். வேண்டாம். அவர்கள் கேட்டுக்கும் கொட்டகைக்கும் அடிக்கிற பழக்கத்தில் சொல்வது. இங்கே இரண்டு பேர் படுக்கிறார்கள், அவ்வளவுதான்.

வெல்டிங்கை எங்கே கொடுக்கிறீர்கள் என்பதில் விஷயம் இருக்கிறது. 16 கேஜ் பைப்பில் சாதா ஆர்க் வெல்டிங்கில் கை கொஞ்சம் நின்றாலும் ஓட்டை விழும். மிக் (MIG) மிஷின், அதாவது கம்பி தானாக வந்து உருகும் வெல்டிங் மிஷின் உள்ள இடம் நல்லது. கோவையில் அது தெருவுக்குத் தெரு இருக்கிறது. கரூர் பக்கம் இருப்பவர்கள் பஸ் பாடி கட்டும் பட்டறையிலும், திருச்செங்கோடு நாமக்கல் பக்கம் லாரி பாடி, ரிக் வண்டிப் பட்டறையிலும் கேளுங்கள். ஓடுகிற வண்டியில் எது ஆடும், எது விரியும், எங்கே ரப்பர் வைக்க வேண்டும் என்பது அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. முதலில் எல்லா மூலையிலும் டாக் (சின்னப் பொட்டு வெல்டு) மட்டும் வைக்கச் சொல்லுங்கள். பிறகு மூலைக்கு மூலை டேப் பிடியுங்கள். 1000×1050 சட்டத்தில் மூலைவிட்டம் 1450 மி.மீ. வர வேண்டும், இரண்டுக்கும் வித்தியாசம் 3 மி.மீ.க்கு மேல் இருந்தால் தட்டி நேராக்கிவிட்டுத்தான் முழு வெல்டு. ஒரு பக்கத்தையே முடித்துக்கொண்டு வந்தால் சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளும். எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி வைக்க வேண்டும். பிரேமை வண்டிக்குள் வைத்துக்கொண்டே "ரெண்டே டாக்தானே" என்று யாராவது வெல்டிங் ராடை எடுத்தால் தடுத்துவிடுங்கள். தரைக் கம்பளமும் வயரிங்கும் கண்முன்னால் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் வண்டியின் எலக்ட்ரானிக் கன்ட்ரோல் யூனிட்டும் இருக்கிறது.

இரும்பு வேண்டாமென்றால் 30×30 அலுமினியம் புரொபைல், அதாவது நீளவாக்கில் பள்ளம் உள்ள அலுமினியச் சட்டம். கோவையில் மிஷின் கட்டுகிறவர்களுக்காகவே அளவு வெட்டிக் கொடுக்கும் கடைகள் உண்டு. எடை ஐந்து கிலோ குறையும், துருப்பிடிக்காது, அளவு தப்பினால் கழற்றி மாற்றலாம். விலை அதிகம். முக்கியமான குறை, அதன் இணைப்புகள் எல்லாமே போல்ட். கடம்பூர், பர்கூர் மாதிரி மலைப்பாதையில் தொடர்ந்து குலுங்கினால் அந்தப் பள்ளத்துக்குள் உட்காரும் டி-நட் இளகும். புரியில் தடவும் நீல நிற லாக்டைட் பசை போட்டு இறுக்கி, ஒவ்வொரு போல்ட் தலையிலும் மார்க்கரில் ஒரு கோடு இழுத்து வைத்தால் எது திரும்பியிருக்கிறது என்று பார்த்த உடனே தெரியும். எனக்கு வெல்டு வைத்த இரும்புமேல்தான் நம்பிக்கை.

காலுக்கு அடியில் 75 மி.மீ. சதுரத்தில் 3 மி.மீ. தகடு, அதன் அடியில் ரப்பர். தகடு இல்லாமல் பைப் முனையே தரையில் நின்றால் கம்பளத்துக்குள் அமுங்கி, ஒவ்வொரு குலுக்கலிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தகரத்தைக் குழியாக்கும். வண்டியின் தரை சமமான தகடு இல்லை, வரிவரியாக மேடு பள்ளம் உள்ளது. கால் மேட்டின்மேல் நிற்கிறதா பள்ளத்தில் நிற்கிறதா என்று கம்பளத்தைத் தூக்கிப் பார்த்துத்தான் காலின் இடத்தைக் குறிக்க வேண்டும்.

இனிமேல் வருவதுதான் உயிர் சம்பந்தப்பட்ட பகுதி. பிரேம், பலகை, மெத்தை, கீல் எல்லாம் சேர்ந்து 40 கிலோ வரும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் எதிலாவது மோதி நின்றால் அந்த 40 கிலோ உங்கள் முதுகில் 800 கிலோவாக வந்து இறங்கும். அதனால் வெறுமனே "கனமாத்தான் இருக்கு, நகராது" என்று விடக்கூடாது. தரையில் புதிதாக ஓட்டை போடுவதும் கூடாது. அடியில் டீசல் டேங்க், பிரேக் பைப், வயர் எது எங்கே போகிறதென்று மேலிருந்து தெரியாது. ஓட்டை விழுந்த இடத்தில் பெயின்ட் போய் துரு ஏறுவது தனி. கம்பெனி கொடுத்த சாமான் கட்டும் வளையங்களும் மூன்றாம் வரிசை சீட்டுக்கான போல்ட் இடங்களும் இருக்கின்றன. அவற்றைத் தாங்குகிற தகடு கனமானது. இருக்கிற போல்ட்டில் ஒன்றைக் கழற்றி கடைக்கு எடுத்துப்போய் அதே புரியில், தலையில் 8.8 அல்லது 10.9 என்று எண் அடித்த போல்ட்டாக வாங்குங்கள். எண் இல்லாத போல்ட் கதவுத் தாழ்ப்பாளுக்குத்தான். வளையத்தில் கட்டுவதானால் டர்ன்பக்கிள் (திருகி இறுக்கும் கொக்கி) போட்டு, அது தானாகத் திரும்பாதபடி இரண்டு பக்கமும் லாக் நட் இறுக்க வேண்டும். ராட்செட் பெல்ட்டும் பிடிக்கும், ஆனால் ஓடஓட தளரும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கை வைத்துப் பார்க்கிற பொறுமை உள்ளவர்களுக்கு அது போதும். நான்கு மூலையிலும் பிடிப்பு வேண்டும். முன்னால் இரண்டு மட்டும் போட்டால் மோதும்போது பெட்டி பின்பக்கம் எழும்பிக் கவிழும்.

மடிப்புப் பலகைக்கு வருவோம். விரித்ததும் அதன் முன்முனை எதன்மேல் நிற்கும்? மடித்த சீட்டின் முதுகுமேல் படுத்துக்கொள்ளட்டும் என்று விட்டால் சீட்டின் பஞ்சு அமுங்கி, நடு ராத்திரியில் தலைப்பக்கம் இறங்கியிருக்கும். நாளடைவில் சீட் முதுகின் பிளாஸ்டிக் மூடி உடையும். பின்சீட்டில் உட்காருகிறவர் கால் வைக்கும் பள்ளத்தில் இறங்கும்படி இரண்டு மடக்குக் கால் கொடுங்கள். அந்தப் பள்ளம் பின்தரையைவிடத் தாழ்வு, இடமும் வலமும்கூட உயரம் மாறும். அதனால் கால் முனையில் மிஷினுக்கு அடியில் போடும் எம்12 லெவலிங் பேட் ஒன்றைப் பொருத்தினால் திருகித் திருகி மட்டம் பார்த்துக்கொள்ளலாம். கீல் முழு அகலத்துக்கும் பியானோ கீல், 1050 மி.மீ. குழல் மேல்பக்கம் வர வேண்டும். கீழே வைத்தால் பலகை மேல்பக்கமாக மடியவே மடியாது, இரண்டு விளிம்பும் முட்டிக்கொள்ளும்.  விளிம்புகளுக்கு நடுவில் 2 மி.மீ. இடைவெளி விட்டால் போதும். கீலுக்கு மர ஸ்க்ரூ வேண்டாம், பிளைவுட்டையும் பைப்பையும் துளைத்துப் போகும் எம்5 போல்ட், அடியில் நைலாக் நட் (குலுக்கலில் இளகாத நைலான் வளைய நட்). சீட் பெல்ட் பூட்டுகள் பலகைக்கு அடியில் மாட்டிக்கொள்கிறதா என்று ஒருமுறை மடித்து விரித்துப் பாருங்கள்.

பிளைவுட் 12 மி.மீ. எட்டுக்கு நான்கு ஷீட் ஒன்றில் எல்லாம் முடிந்து, இரண்டடிக்கு நான்கடி அளவில் துண்டு ஒன்று மிஞ்சும். அதைப் பின்கதவில் சமையல் மேடையாக்கலாம். முழு ஷீட் 12 மி.மீ. 23 கிலோ, 18 மி.மீ. 35 கிலோ. குறுக்குப் பைப்புகள் 33 செ.மீ. இடைவெளியில் இருந்தால் 18 தேவையே இல்லை. பலகையை உடைப்பது படுத்திருக்கும் ஆள் இல்லை, உள்ளே ஏறும்போது ஊன்றும் ஒற்றை முழங்கால். அந்த முழங்கால் விழுகிற இடம் பின்கதவுப் பக்கத்து விளிம்பு. அங்கே பைப் விளிம்போடு விளிம்பாக வர வேண்டும், பலகை ஒரு விரல்கூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை வாங்குங்கள். ஈரத் துணியும் நனைந்த செருப்பும் உள்ளே வராமல் இருக்காது. வெட்டிய ஓரங்களுக்கும் போல்ட் ஓட்டைகளுக்கும் இரண்டு கை வார்னிஷ் கட்டாயம், நீர் முதலில் ஏறுவது அங்கேதான்.

படுக்கும் பகுதி முழுக்க ஒரு சாண் இடைவெளியில் 50 மி.மீ. ஓட்டைகள் போடச் சொல்லுங்கள். எடை குறைவதற்காக இல்லை. இரண்டு பேர் ராத்திரி முழுக்க விடும் மூச்சிலும் வியர்வையிலும் அரை லிட்டர் அளவுக்கு ஈரம் வெளியேறும். கீழே குளிர்ந்த பலகை, மேலே சூடான உடம்பு, நடுவில் பஞ்சு: ஈரமெல்லாம் மெத்தையின் அடிப்பக்கம் போய் நீராகி நிற்கும். ஊட்டிப் பக்கம் இரண்டு ராத்திரி தங்கினால் மூன்றாம் நாள் பூசண வாடை வந்துவிடும். ஓட்டையோடு சேர்த்து இதற்கு நம்மூர் மருந்து ஒன்று உண்டு. பொள்ளாச்சிப் பக்கம் கிடைக்கிற ரப்பர் கலந்த தென்னை நார் ஷீட், ஒரு இஞ்ச். அதை அடியில் போட்டு மேலே இரண்டு இஞ்ச் பஞ்சு வைத்தால் நாருக்குள் காற்று ஓடும். பஞ்சு 40 டென்சிட்டி வாங்குங்கள்; 32 முதலில் மெத்தென்று இருக்கும், சீக்கிரமே இடுப்பு பலகையில் தட்டும். பலகை மடிகிற இடத்துக்குத் தகுந்தபடி மெத்தையை மூன்று துண்டாக்கி, உறையைப் பருத்தியில் தைத்துக்கொள்வது நல்லது. ரெக்ஸின் உறை வேண்டாம், வழுக்கும், வியர்க்கும். பலகைக்கும் மெத்தைக்கும் நடுவில் ஒரு பவானி ஜமக்காளம் விரித்தால் மெத்தை நகராது. கெட்டியான நெசவு, துவைத்துக் காயப்போட்டால் மறுபடி புதிது.

பலகைமேல் கம்பளம் ஒட்டுகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். ஈரோடு, கரூர் வெயிலில் சித்திரை மாதம் மூடிய வண்டிக்குள் அறுபது டிகிரியைத் தாண்டும். ரப்பர் பசை அந்தச் சூட்டில் இளகி, கம்பளம் மூலை மூலையாக எழும்பும். ஒட்டுவதோடு விடாமல் துணியை அடிப்பக்கம் மடித்து ஸ்டேப்ளர் பின் அடிக்க வேண்டும்.

டிராயர்? வேண்டாம் என்பது என் கட்சி. 45 கிலோ தாங்கும் ஸ்லைடு என்பது வீட்டு அலமாரியில் நேராகத் தாங்குகிற கணக்கு. சரிவில் ஏறும்போது முழு எடையும் பூட்டின்மேல் சாயும், செம்மண் தூசி பால் பேரிங்குக்குள் போனால் கரகரவென்று இழுக்கவே வராது, டிராயர் பெட்டியும் ஸ்லைடும் சேர்ந்து சாமானே வைக்காமல் பத்து பதினைந்து கிலோ கூடும். சந்தையில் கிடைக்கும் பிளாஸ்டிக் தக்காளிப் பெட்டி இரண்டு போதும். பெட்டியை முதலில் வாங்கி அதன் உயரத்தை அளந்துவிட்டு, பைப்பின் அடிப்பக்கம் அதற்கு மேல் 15 மி.மீ. விட்டு வரும்படி கால் வெட்டச் சொல்லுங்கள். 30 செ.மீ.யில் அது உள்ளே போகாவிட்டால் சின்னப் பெட்டியாகத் தேடுங்கள், காலை நீட்டாதீர்கள். பெட்டி உருண்டு வராமலிருக்கக் குறுக்கே ஒரு பெல்ட். தண்ணி கேன் இருபது லிட்டர் என்றால் இருபது கிலோ. அதைப் பின்கதவோரம் வைக்காமல் பின்சீட்டை ஒட்டி, அச்சுக்கு முன்னால் வையுங்கள். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் எங்கே இருக்கின்றன என்று பார்த்து, கட்டிலைக் கழற்றாமல் கைக்கு எட்டும்படி அந்த இடத்துக்கு மேல் பலகையில் ஒரு மூடி வெட்டிவிட வேண்டும். மழையில் பஞ்சரானால் இதன் அருமை தெரியும்.

கடகடப்புக்கு மருந்து எளிது. இரும்பும் பலகையும் தொடுகிற இடமெல்லாம் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்து வைத்து போல்ட் போடுங்கள். மடிப்புப் பலகை பெட்டிமேல் விழுகிற இடத்தில் நான்கு ரப்பர் புஷ், அதை இழுத்துப் பிடிக்க ஒரு டாகிள் கிளாம்ப் (நெம்பி இறுக்கும் பிடி). பைப்பின் திறந்த முனைகளுக்கு பிளாஸ்டிக் மூடி போடாவிட்டால் காற்றில் ஊதல் சத்தம் வரும், குளவியும் கூடு கட்டும்.

தூங்கும்போது கண்ணாடி எதிரெதிர் பக்கம் இரண்டு விரல் திறந்திருக்க வேண்டும், வெளிப்பக்கம் கொசுவலை. ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவதும், குளிருக்கு உள்ளே கரி அடுப்போ கேஸ் அடுப்போ வைப்பதும் கார்பன் மோனாக்சைடில் ஆளைக் கொல்லும். அதற்கு வாடையே இல்லை. யு.எஸ்.பி. பேனும் பவர் பேங்கும் போதும். விளக்கை வண்டி பேட்டரியில் இழுத்தால் காலையில் செல்ப் எடுக்காது.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆனைமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களுக்குள் வண்டியை ஓரங்கட்டிப் படுக்க அனுமதி கிடையாது. திம்பம் பக்கம் ராத்திரிப் போக்குவரத்துக்கே கட்டுப்பாடு. யானைக்கு உங்கள் பிளைவுட் ஒரு பொருட்டே இல்லை. தெரிந்தவர் தோட்டத்துச் சாளை (தோட்ட வீடு) பக்கம், எஸ்டேட் தங்குமிடங்களின் வாசல் என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். தலைப்பக்கம் மேடாக வரும்படி நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்கு அடியில் கல் கொடுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை, மெத்தை தைக்கக் கொடுப்பதற்கு முன்பே செய்து பார்க்க வேண்டியது. கட்டிலைப் பொருத்தி, எல்லாக் கதவையும் பூட்டிவிட்டு, உள்ளேயிருந்து படுத்த நிலையிலேயே வெளியே வர முடிகிறதா பாருங்கள். நிறைய வண்டிகளில் பின்கதவை உள்பக்கமிருந்து திறக்கும் கைப்பிடியே கிடையாது. பின்பக்கக் கதவுகளில் சைல்டு லாக் போட்டிருந்தால் அதுவும் திறக்காது. அந்தச் சின்ன நெம்புகோலைக் கட்டில் போட்ட நாளிலிருந்து நிரந்தரமாக விடுவித்துவிடுங்கள். ரிமோட்டில் பூட்டிக்கொண்டு படுத்தால் சில வண்டிகளில் உள்ளே திறக்கும்போது அலாரம் அலறும், பக்கத்துத் தோட்டத்து நாயெல்லாம் எழுந்துவிடும். கதவிலுள்ள பட்டனில் பூட்டிப் பழகுங்கள்.